பூனைத் தும்மல் தோட்டாக்கள்

தைஸ்தோ கெம்பைனன் தன் படகை ஏரிக்கரையில் கவிழ்த்து வைக்கும்போதெல்லாம் அதன் விளிம்பில் ஒரு பிர்ச் மரச் சுள்ளியைச் சாய்த்து வைப்பார். மறுமுறை வரும்போது சுள்ளி விழுந்து கிடந்தால் யாரோ படகைத் தொட்டிருக்கிறார்கள் என்று பொருள். காற்று தள்ளியிருக்கலாமே என்று யாராவது சொன்னால், "காத்துக்கு என் படகுகிட்ட என்ன வேலை?" என்று கேட்பார்.

இந்தக் குணம் அவருக்கு வேலையோடு வந்தது. ஹோன்காவாரா என்ற அந்தச் சிற்றூரிலும் அதைச் சுற்றிய காட்டுச் சாலைகளிலும் பனி வழிக்கும் வண்டியை ஓட்டியே முடி நரைத்தவர். ஊர் விழிக்கும் முன்பே கிளம்பிவிடுவார். புதுப்பனியில் விழும் முதல் தடம் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்பே ஒரு தடம் இருந்தால் அது அவருக்கு ஒரு கேள்வி. எந்த வீட்டு வாசலிலிருந்து எந்த வண்டி எந்நேரம் கிளம்பியது, ஏன் கிளம்பியது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போவார். பலமுறை அவர் யோசித்தது சரியாகவே இருந்தது. சந்தேகப்படுகிற மனிதன் அவ்வப்போது சரியாக இருந்துவிடுவதைப்போல அவனுக்கு வேறு கெடுதல் இல்லை. தவறாக இருந்த தடவைகளை அவன் கணக்கில் வைப்பதில்லை.

ஓய்வு பெற்றபின் அவர் கைக்கு வந்தது தோட்டா கட்டும் வேலை. அந்த ஊர் இருக்கும் காய்னுப் பகுதியில் அதில் அதிசயம் எதுவும் இல்லை. வேட்டைக்குப் போகிற வீடுகளில் பாதியில் யாராவது ஒருவர் சொந்தமாகத் தோட்டா கட்டுவார்கள். தைஸ்தோ கட்டியது மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. மூஸ் மானைச் சுடும் பெரிய தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதில் கட்டைவிரல் நகம் கொள்ளும் அளவுக்கு வெடிமருந்து போட்டு, தானே உருக்கி வார்த்த ஈயக் குண்டை மேலே பொருத்துவார். குண்டு ஒலியைவிட மெதுவாகப் போகும். அதனால் காற்றைக் கிழிக்கும் அந்தச் சாட்டைச் சத்தம் இருக்காது. துப்பாக்கியின் முனையில் சைலன்சரும் இருந்தால் யாரோ கதவைச் சாத்தியதுபோல 'தப்' என்று கேட்கும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்காரர்கள் இதைப் பூனைத் தும்மல் என்பார்கள். கிட்டத்தில் மரக்கிளையில் உட்கார்ந்திருக்கும் காட்டுச்சேவலைச் சுடலாம். பக்கத்து மரத்தில் இருக்கும் இன்னொன்று தலையைத் திருப்பிப் பார்க்கும், பறக்காது. கூண்டில் சிக்கிய மிங்க் என்ற கீரி போன்ற பிராணியைக் கொல்லலாம். எட்டப் போனால் குண்டு தரையைப் பார்த்து இறங்கிவிடும். மூஸுக்கு அதைக் காட்டுவதே பாவம்.

தைஸ்தோவுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் காட்டுச்சேவல் அல்ல. இலையுதிர்காலத்தில் அந்த ஊரில் வெடிச்சத்தம்தான் செய்தித்தாள். காலையில் ஒரு சத்தம் கேட்டால், காப்பிக் கோப்பையோடு சன்னலருகே நிற்கிறவர்கள் எந்தக் காடு, யார், என்ன சுட்டார், தவறவிட்டாரா என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். தன் பெயர் அந்தச் செய்தித்தாளில் வருவதை தைஸ்தோ விரும்பவில்லை. ஊரில் எல்லாருடைய தடத்தையும் படித்தவர், தன் தடத்தை யாரும் படிக்காமலிருக்க வழி தேடினார்.

வேட்டைச் சங்கத்தின் தலைவன் இஸ்மோ அவரைக் கடைவாசலில் பிடித்துக் கிண்டல் செய்வான்.

"தைஸ்தோ, நேத்து சதுப்புப் பக்கம் சுட்டியா?"

"உனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப சுடல."

அந்த வருடம் மூஸ் வேட்டை தொடங்குவதற்குச் சற்று முன்னால், பூனைத் தும்மல்களைப் போட்டுவைத்த காப்பி டப்பா இலேசாகிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. பட்டறைக் கொட்டகைக்குப் பூட்டு உண்டு. சாவி சௌனா என்னும் நீராவிக் குளியலறையின் அடுப்புக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். அது இரகசியமான இடம் என்று அவர் ஒருவர் மட்டுமே நம்பிக்கொண்டிருந்தார். அதே வாரம் சதுப்பின் ஓரத்தில் காட்டுச்சேவலின் இறகுகள் குவியலாகக் கிடந்ததைப் பார்த்தார். அந்தப் பக்கம் வெடிச்சத்தம் எதுவும் அவர் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப்போட அவருக்கு வெகுநேரம் ஆகவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மனைவி ஒனெர்வாவிடம் சொன்னார்:

"டப்பாவுல தோட்டா கொறையுது."

"எண்ணி வெச்சிருந்தியா?"

"கையில தூக்கினாலே தெரியும்."

"மருந்த தூசி கணக்குல நிறுக்கிற ஆளு, தோட்டாவ மட்டும் கையில தூக்கிப் பாப்பியாக்கும்."

"ரைனேதான்."

"ஏன் அவன்?"

"போன வருஷம் சௌனா புகைபோக்கிய சரி பண்ண வந்தான்ல. ஆணிய பாத்திருப்பான். அவன் துப்பாக்கிக் குழலும் நம்ம அளவுதான்."

"இங்க பாதிப் பேரு துப்பாக்கி அந்த அளவுதான்."

"அதுவும் இல்லாம, என்னப் பாத்தா ரொம்ப நல்லா பேசுறான்."

ஒனெர்வா கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "இந்த ஊர்ல உன்கிட்ட நல்லா பேசுற ஒரே ஆளு அவன்தான். அதையும் கெடுத்துக்கோ."

ரைனே தெற்கே தாம்பெரேயிலிருந்து வந்து பக்கத்துப் பண்ணையை வாங்கியவன். எல்லைக் கால்வாயை யார் தூர் வாருவது என்று முதல் கோடையில் ஒரு பேச்சு வந்தது. அவன் சிரித்துக்கொண்டே தானே வாரிவிட்டான். அந்தச் சிரிப்பை தைஸ்தோ இன்னும் மன்னிக்கவில்லை.

பூனைத் தும்மல் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொல்லை உண்டு. மருந்து ரொம்பக் குறைந்துபோனால் குண்டு வெளியே வராது. குழலுக்குள்ளேயே சிக்கி நின்றுவிடும். பித்தளைக் கம்பியும் சுத்தியலும் வைத்து, குழல் கீறாமல் அதைத் தட்டி எடுக்க வேண்டும். ஹோன்காவாராவில் அந்தக் கம்பியும் அந்தப் பொறுமையும் தைஸ்தோவிடம் மட்டும்தான் இருந்தன. துப்பாக்கி அடைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள்.

இதை வைத்துத்தான் அவர் பொறி கட்டினார். ஒரு கூட்டில், அடித்தால் தீப்பொறி தரும் பின்பக்கத்துக் கேப்பை மட்டும் பொருத்தி, மருந்தே போடாமல் ஈயக் குண்டை வைத்து அழுத்தினார். கேப் வெடித்தால் குண்டு குழலுக்குள் ஒரு சாண் தூரம் போய் நின்றுவிடும். கூட்டின் அடியில் ஊசியால் ஒரு சிறு கீறல் போட்டு டப்பாவில் மேலாக வைத்தார். திருடன் அதைச் சுடுவான். துப்பாக்கி அடைக்கும். பிறகு வேறு வழியில்லாமல் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு தைஸ்தோவின் வாசலில் வந்து நிற்பான். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒன்றும் கேட்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும். குளிர்காலம் முழுக்க அதை நினைத்து மகிழலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மூஸ் வேட்டையின் முதல் சனிக்கிழமை விடியற்காலை, கிளம்பும் முன் கொட்டகைக்குப் போய் டப்பாவைத் திறந்தார். கீறல் போட்ட தோட்டா இல்லை.

அவர் சந்தோஷத்தை மறைத்துக்கொண்டு காப்பி குடித்தார். ஒனெர்வா ஏற்கனவே ஆரஞ்சுத் தொப்பியோடு நாய்க்குக் கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நாய் துயிஸ்கு அவளுடையது. மூஸைத் தேடிப்பிடித்து நிறுத்திக் குரைக்கும் நாயை இருபது வயதுப் பையன்களே தொடர்ந்து போகத் திணறுவார்கள். ஒனெர்வா அறுபதைத் தாண்டியும் போனாள். சங்கத்தில் அதை யாரும் பாராட்டிச் சொன்னதில்லை. நாய்க்காரியை மாற்ற வேண்டும் என்றும் யாரும் சொன்னதில்லை. அந்த ஊரில் அதுவே பாராட்டு.

கூட்டம் நெருப்பைச் சுற்றி நின்று, அவரவர் காத்திருந்து சுட வேண்டிய நிலைகளைப் பிரித்துக்கொண்டது. தைஸ்தோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ரைனே வந்து, "தூக்கம் எப்படி இருந்துச்சு, தைஸ்தோ?" என்று கேட்டான். அடைத்துக்கிடக்கும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு இப்படிச் சிரிக்கவும் ஒருவனால் முடியுமா என்று தைஸ்தோ வியந்தார். தெற்கத்திக்காரர்களால் முடியும்போல.

முன்பு காட்டுத்தீயில் எரிந்த மேட்டில் தன் நிலையில் வந்து உட்கார்ந்தார். அடுத்த நிலை ரைனேவுடையது. மரங்களுக்கு நடுவே அவன் தொப்பியின் ஆரஞ்சுப் பொட்டு தெரிந்தது. உறைபனி விழுந்த புதர்களுக்கு மேல் காற்றே இல்லை. தொலைவில் எங்கோ ஒனெர்வா நாயை அவிழ்த்துவிட்டிருப்பாள்.

அவன் ஏன் இன்னும் என்னிடம் வரவில்லை? இதுதான் அவரை முதலில் உறுத்தியது. அடைத்த துப்பாக்கியோடு யாராவது மூஸ் வேட்டைக்கு வருவானா? வெட்கத்தால் வந்திருக்கலாம். அல்லது அடைத்ததே அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அந்த எண்ணத்தின் மேல் அவர் மனம் அப்படியே நின்றது.

சாதாரணத் தோட்டா பிசகினால் யாருக்கும் தெரியும். இடி விழ வேண்டிய இடத்தில் இருமல் கேட்கும். ஆனால் பூனைத் தும்மலே ஓர் இருமல்தான். ஏற்கனவே சத்தமில்லாத ஒன்றில் சத்தம் குறைந்ததை யார் கவனிப்பார்கள்? வருடக்கணக்காகக் கட்டிய தன் காதுக்குத் தெரியும். திருடனின் காதுக்கு எப்படித் தெரியும்? குறி தவறிவிட்டது என்று நினைத்துத் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பான். இன்று காலை அதே துப்பாக்கியில் முழு மருந்துள்ள மூஸ் தோட்டாவைப் போட்டிருப்பான். முன்னால் ஈயம் அடைத்து நிற்க, அத்தனை மருந்தும் வெடித்தால் போக இடம் கிடையாது. குழல் கிழியும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் பூட்டு பின்னால் தெறிக்கும். பின்னால் இருப்பது ஒரு முகம்.

திருடனின் முகத்தைப் பார்க்கத்தான் அவர் பொறி வைத்திருந்தார்.

அப்போது துயிஸ்குவின் குரல் கேட்டது. ஒரே இடத்திலிருந்து, விடாமல், ஒரு தாளத்தில் வந்தது. மூஸ் நின்றுவிட்டது.

தைஸ்தோ வாக்கிடாக்கியை எடுத்தார். பேசினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தான் பொறி வைத்தது இன்று மாலைக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். அந்த நிமிடத்திலும் ஒரு பாதி மனம், ரைனேவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல வழியுண்டா என்று தேடியது. வழி இல்லை.

"ரைனே. துப்பாக்கியத் திறந்து குழலுக்குள்ள பாரு."

"எதுக்கு?" என்றான் ரைனே.

"பாருன்னா பாரு."

மரங்களுக்கு நடுவே ஆரஞ்சுப் பொட்டு குனிந்தது. "பாத்துட்டேன். வெளிச்சம் நல்லா தெரியுது. என்ன விஷயம்?"

"நல்லா பாத்தியா?"

"தைஸ்தோ, இது குழல். ஒண்ணு வெளிச்சம் தெரியும், இல்ல தெரியாது."

இஸ்மோ குறுக்கே வந்தான். "யாருய்யா அது? நாய் மூஸ நிறுத்தி வெச்சிருக்கு, நீங்க ரெண்டு பேரும் கதை பேசுறீங்க!"

"இஸ்மோ, வேட்டைய நிறுத்து. என் டப்பாவுலேர்ந்து யாரோ பூனைத் தும்மல் எடுத்திருக்காங்க. அதுல ஒண்ணுல நான் மருந்து போடல. வேணும்னுதான் போடல. எடுத்தவன் சுட்டிருந்தான்னா குண்டு குழலுக்குள்ள நிக்குது."

நாய் மட்டும் குரைத்துக்கொண்டிருந்தது.

"ஒருத்தர் மூஞ்சி போறதுக்கு நீ பொறி வெச்சியா?" என்று இஸ்மோ மெல்லக் கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எல்லாரும் கேட்டீங்கல்ல? திருடன் யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். எல்லாரும் பூட்டத் திறங்க, உள்ள பாருங்க, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. பெந்த்தி?"

"சுத்தம். என் மனசாட்சிய விடச் சுத்தம்," என்றார் கிழவர் பெந்த்தி.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவன் சுத்தம் என்றான். அதற்கடுத்தவனும். வரிசை முடிந்ததும், "நானும் சுத்தம். எல்லாரும் சொல்லியாச்சு," என்றான் இஸ்மோ.

தைஸ்தோவின் தோள்கள் இறங்கின. உடனே, யாரோ பொய் சொல்கிறான் என்று தோன்றியது.

"ஒனெர்வா சொல்லல," என்றான் ரைனே.

"அவ மூஸுகிட்ட போயிருப்பா. கிட்ட போனதும் வாக்கிடாக்கிய அணைச்சிடுவா. அவளுக்கு இதுல என்ன..." என்று சொல்லிக்கொண்டே வந்த தைஸ்தோவின் வாய் நின்றுபோனது.

வீட்டு அலமாரியில் இரண்டு துப்பாக்கிகள் பக்கம் பக்கமாக நின்றன. ஒரே அளவு. அவர் கட்டுகிற தோட்டா இருவருக்கும் ஆகட்டும் என்று அவரே பார்த்து வாங்கியவை. சாவி தொங்கும் ஆணியை அடித்தவளும் அவள்தான்.

ஒனெர்வாவின் பெயரை அவர் வாக்கிடாக்கிக்குள் கத்தினார். பதில் இல்லை. அவள் இப்போது ஒவ்வொரு மரமாக மறைந்து மறைந்து போய்க்கொண்டிருப்பாள்; நாய் குரைக்கும்போது ஓரடி வைப்பாள், நிறுத்தினால் நிற்பாள். அவரால் ஓடி எட்டக்கூடிய தூரம் அல்ல அது. தைஸ்தோ தன் துப்பாக்கி முனையிலிருந்த சைலன்சரைத் திருகிக் கழற்றி எறிந்தார். மேட்டின் மண்சரிவைப் பார்த்து மூன்று முறை அடுத்தடுத்துச் சுட்டார். காட்டில் மூன்று வெடி என்றால் ஆபத்து என்று குழந்தைக்கும் தெரியும். அந்தச் சத்தம் ஏரியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

துயிஸ்குவின் குரல் உடைந்தது. மூஸ் ஓடத் தொடங்கியிருந்தது. குரைப்பு வடக்கே நகர்ந்தது. இனி அவள் சுட்டால் இப்போதுதான் சுடுவாள். தைஸ்தோ நின்றபடி காதைக் கொடுத்துக் கேட்டார். இத்தனை வருடம் அவர் ஆசைப்பட்ட அமைதி அதுதான். அதற்குள் நிற்க முடியாமல் அவர் குரைப்பு வந்த திசையில் நடக்கத் தொடங்கினார்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"எந்தக் கழுதை சுட்டது?" என்றாள் ஒனெர்வா.

இஸ்மோ முந்திக்கொண்டான். "ஒனெர்வா, துப்பாக்கியத் தோள்லேர்ந்து எடு. பூட்டத் திற. குழலுக்குள்ள பாத்துச் சொல்லு."

நேரம் போயிற்று. பிறகு அவள் குரல் வந்தது. அதில் கோபம் இல்லை.

"இருட்டா இருக்கு."

மதியம் எல்லாரும் சங்கத்துக் கொட்டகையில் கூடினார்கள். நெருப்பில் சொருகிய சாசேஜ் கருகிக்கொண்டிருந்தது, யாரும் திருப்பவில்லை. தைஸ்தோ வண்டியிலிருந்து கம்பியையும் சுத்தியலையும் எடுத்து வந்தார். ஒனெர்வா அவற்றை அவர் கையிலிருந்து வாங்கி ரைனேவிடம் கொடுத்தாள். அவனுக்கு அந்த வேலை தெரியாது. தப்பும் தவறுமாகத் தட்டினான். தைஸ்தோ கம்பியின் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நசுங்கிய ஈயக் கட்டி ஒன்று மேசைமேல் விழுந்தது.

"எதுக்கு எடுத்தே?" என்று இஸ்மோதான் கேட்டான்.

"கோழியத் திங்க காட்டுலேர்ந்து ராக்கூன் நாய் கொட்டாய்க்கு வருது. பெரிய தோட்டா போட்டா கோழியெல்லாம் பயந்து முட்டை போடாது. அதான் இதுல சுடுவேன். வியாழக்கிழமை சுட்டேன், ஓடிப்போச்சு. கண்ணு மங்கிடுச்சுன்னு நெனச்சேன்."

"அவர்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா எதுக்கு, எங்க, எந்தப் பக்கமா வந்துச்சு, யாரு பாத்தான்னு மூணு நாளைக்கு விசாரணை நடக்கும். எடுத்துக்கிறது சுலபம்."

"அந்த இறகு?" என்றார் தைஸ்தோ. தன்னையறியாமல் வந்துவிட்ட கேள்வி.

"பருந்து," என்றார் பெந்த்தி. "அந்தச் சதுப்புல எத்தனை வருஷமா பருந்து கூடு இருக்கு, நீ தரைய மட்டுந்தான் பாப்ப."

"என் வெடி கேட்டுத்தானே நீ சுடல?" என்று தைஸ்தோ மனைவியிடம் கேட்டார். அது ஒன்றாவது தன் பக்கம் இருக்கட்டும் என்று அவருக்கு இருந்தது.

ஒனெர்வா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்ல. உன் வெடியில மூஸ் ஓடுச்சு, நான் தூக்கிக் குறி பாத்துட்டேன். துயிஸ்கு நடுவுல வந்துடுச்சு. வரலன்னா சுட்டிருப்பேன்."

இஸ்மோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "தைஸ்தோ, இந்த சீசன் முழுக்க நீ துப்பாக்கி இல்லாம வா. அடுப்பப் பாத்துக்கோ. சூப்பு கிண்டு."

"சூப்புலயும் ஏதாவது வெச்சிடுவாரு," என்றான் யாரோ. இந்த முறை சிலர் சிரித்தார்கள். ரைனே சிரிக்கவில்லை. அவன் சுத்தியலைத் துடைத்து தைஸ்தோவிடம் நீட்டினான். வழக்கமான நல்ல பேச்சு எதுவும் அவனிடமிருந்து வரவில்லை.

வீட்டுக்கு ஒனெர்வாதான் வண்டி ஓட்டினாள். துயிஸ்கு பின்னால் ஈரவாடையோடு படுத்திருந்தது. எல்லைக் கால்வாயைத் தாண்டியதும் அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"ரைனேவ நெனச்சே. பெந்த்தியக் கூட நெனச்சிருப்பே."

"கொஞ்ச நேரம்."

"என்ன ஏன் நெனைக்கல?"

உன்னை நம்பினேன் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் நன்றாகவும் இருந்திருக்கும். ஆனால் தைஸ்தோ எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்கிறவர் அல்ல. அந்தப் பதிலையும் சோதித்துப் பார்த்தார். அது நிற்கவில்லை. நம்பிக்கை என்றால் ஒருவரைப் பார்த்து, இவர் வேறுவிதமாகவும் இருக்கக்கூடும் என்று தெரிந்து, பிறகும் நம்புவது. அவர் பார்க்கவே இல்லை. ஊரில் எல்லாருடைய தடத்தையும் படித்தவர், தன் வாசலிலிருந்து கோழிக் கொட்டகைக்குப் போகும் தடத்தின் மேலேயே நடந்து போயிருந்தார்.

"தெரியல," என்றார்.

"எனக்குத் தெரியும்." அவள் கைகள் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. "நாளைலேர்ந்து என்னையும் நீ சந்தேகப்படுறவங்க வரிசையில சேத்துக்கோ."

அவர் வெளியே பார்த்தார். கால்வாய் சுத்தமாக வாரப்பட்டிருந்தது. பிறகு அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"எத்தனை வருஷமா எடுக்குறே?"

"அப்படிக் கேளு," என்றாள் ஒனெர்வா. வண்டியைக் கிளப்பினாள். பதில் நீளமானது; வீடு வந்து எஞ்சின் அணைந்தபிறகும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.